முடிவுக்கோட்டில் நின்றவன்

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதப் புகுவது, நீந்தத் தெரியாதவன் கரையில் நின்றுகொண்டு நீச்சலுக்கு இலக்கணம் கூறுவதை ஒக்கும் என்று விஞ்ஞானபீட நண்பர்கள் நகைக்கக்கூடும். அந்நகைப்பில் நியாயமும் உண்டு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோடு விஞ்ஞான பாடத்துக்கு விடைகொடுத்தவன் நான். விளையாட்டுத் துறையிலோ என் தகுதி அதனினும் தாழ்ந்தது. பாடசாலைக் காலத்தில் சாக்கோட்டத்தில் ஒருமுறை மூன்றாமிடம் பெற்றேன். அதனை ஒரு வெற்றியாக இன்றுவரை கணக்கில் வைத்திருப்பவர் என் தாயார் ஒருவரே. ஆயினும், ஓடத் தெரியாதவனுக்கும் ஓட்டப் போட்டியில் ஓர் இடம் உண்டு. முடிவுக்கோட்டருகே கண்களை அகல விழித்தபடி நிற்கும் இடம் அது. அவ்விடத்தில் ஒரு பிற்பகல் நின்றதனால் எனக்கு ஏற்பட்ட மனக்குடைச்சலே இக்கட்டுரைக்குக் காரணம்.

வடபகுதிக் கிராமப் பாடசாலையொன்றில் பயின்றவர்களுக்கு இல்ல மெய்வல்லுநர் போட்டி என்பது எத்தகைய திருவிழா என்பதை விளக்க வேண்டியதில்லை. தைப்பொங்கல் கழிந்த கையோடு மைதானத்திற் புல் செதுக்கும் வேலை தொடங்கிவிடும். தென்னங்குருத்தும் பனையோலையும் வர்ணத் தாளும் கொண்டு இல்லங்களை அலங்கரிப்பதில் இரவுகள் கழியும். ஒலிபெருக்கி காலை ஆறு மணிக்கே ஊரை எழுப்பிவிடும். 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். முடிவுக்கோட்டில் நடுவராக நிற்கவிருந்த ஆசிரியர் அன்று வரவில்லை. அவருக்குப் பதிலாக யாரை நிறுத்துவது எனத் தேடிய விளையாட்டு ஆசிரியரின் பார்வை, கையில் தேநீர்க் குவளையோடு சும்மா நின்ற என்மீது விழுந்தது.

"தம்பி, இங்கை வாரும். நீர் முதலாமிடத்தை மட்டும் பாரும். மற்றதுகளை நாங்கள் பாக்கிறம்" என்றார்.

முதலாமிடத்தைப் பார்ப்பதே எல்லாவற்றிலும் இலகுவானது என்பது அவரது எண்ணம். யாவருக்கும் முன்னால் வருபவரைக் காண்பதில் என்ன கடினம் இருக்கிறது? காலை முழுவதும் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பிற்பகல், 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான 100 மீற்றர் ஓட்டம் வந்தது. அறுவர் ஓடினர். எழுபது மீற்றருக்குப் பின்னர் அது இருவரின் ஓட்டமாயிற்று. ஒருத்தி நீல நிற இல்லத்தவள், மற்றவள் சிவப்பு நிற இல்லத்தவள். இருவரும் வெறுங்காலுடன், செம்மண் புழுதி பின்னால் எழ, தோளோடு தோள் ஒட்டியவர்கள் போல வந்தனர். நாடா அறுந்தது. அது எவர் மார்பில் பட்டு அறுந்தது என்பதை நான் காணவில்லை. ஆனால் என் வாய் "நீலம்" என்றது. என் கையும் உயர்ந்தது. நானும் நீல இல்லத்தைச் சேர்ந்தவன் என்பதை இவ்விடத்திற் சொல்லியே ஆகவேண்டும்.

வேண்டுமென்று செய்த பொய்யன்று அது. நீலம் முந்தியது என்றே அக்கணத்தில் நான் நம்பினேன். கண் கண்டதை மனம் நம்பியதா, மனம் விரும்பியதைக் கண் கண்டதா என்பதைப் பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. சிவப்பு இல்லத்து மாணவி ஆட்சேபம் எதுவும் எழுப்பவில்லை. பரிசளிப்புக்கு முன்னர், தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டு மெல்லக் கேட்டாள்:

"அண்ணா, நீங்கள் வடிவாப் பாத்தனீங்களே?"

"ஓம், வடிவாப் பாத்தனான்" என்றேன்.

வடிவு என்ற சொல்லுக்கு உருவம், அழகு எனப் பொருள் கூறும் அகராதிகள். எம்மவர் பேச்சிலோ செம்மையாக, ஐயத்துக்கு இடமின்றி என்ற பொருளும் அதற்கு உண்டு. அன்று நான் செய்த தவறு நீலம் என்று கை உயர்த்தியது அன்று. அதில் எவரும் தடுமாறலாம். 'வடிவாகப் பார்த்தேன்' என்று சொன்னதே தவறு. அவ்வாண்டு அப்பிரிவின் தனிநபர் சம்பியன் கிண்ணம் ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் நீல இல்லத்து மாணவிக்குச் சென்றது. அவ்வோட்டத்தின் முதலிரு இடங்களும் மாறியிருப்பின் கிண்ணமும் கை மாறியிருக்கும்.

ஒரு வாரத்தின் பின் வகுப்புத் தோழன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் அவ்வோட்டத்தைப் பதிவு செய்திருந்ததாக அறிந்தேன். ஆவலோடும், உண்மையைச் சொன்னால் அச்சத்தோடும், அதனை வாங்கிப் படம் படமாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு படத்தில் இருவருமே கோட்டை அடையவில்லை. அதற்கு அடுத்த படத்தில் இருவருமே கோட்டைக் கடந்துவிட்டனர். இடையில் எதுவுமில்லை. அத்தொலைபேசி ஒரு செக்கனுக்கு முப்பது படங்களையே எடுக்கவல்லது. 14 செக்கனில் 100 மீற்றரை ஓடுகின்ற ஒருத்தி, அவ்வாறான இரு படங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் தூரத்தைக் கடந்துவிடுவாள். நான் தேடிய உண்மை அந்த 24 சென்ரிமீற்றருக்குள் எங்கோ விழுந்து மறைந்துவிட்டது.

இக்கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவன் பல்கலைக்கழகத்தில் என் விடுதி அறைத் தோழன். பௌதிகம் பயில்பவன். அவன் இன்னொன்றையும் சொன்னான். "படங்கள் கூட இருந்தாலும் பிரயோசனமில்லை மச்சான். உன்ரை சிநேகிதன் கோட்டுக்கு நேரை நிண்டு எடுக்கேல்லை." பின்னர் என்னை யன்னலருகே நிறுத்தி, பெருவிரலை நீட்டச் சொல்லி, ஒரு கண்ணை மாற்றி மறுகண்ணால் பார்க்கச் சொன்னான். தொலைவிலிருந்த மரம் விரலுக்கு இப்பக்கமும் அப்பக்கமுமாகத் தாவியது. பார்க்கும் இடம் மாறினால் முன்னிற்பதும் பின்னிற்பதும் இடம் மாறித் தோன்றும். ஓட்டத்தின் முடிவைச் சொல்லத் தகுதியானது ஒரேயோர் இடம்தான். அது கோட்டின் நேர் நீட்சி. முடிவுக்கோட்டில் நின்ற நான் அந்த நீட்சியில் நின்றேனா, ஓரடி முன்னே நின்றேனா என்பது இப்போது நினைவில் இல்லை. அக்காலத்தில் அதனை ஒரு பொருட்டாகவே நான் கருதியிருக்கமாட்டேன்.

அன்றிலிருந்து பெரும் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது என் கவனம் வீரர்களைவிட்டு அவர்களை அளக்கும் கருவிகள்மீது செல்வதாயிற்று. ஒலிம்பிக் ஓட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் கமரா நாம் அறிந்த கமராவைப் போன்றதன்று என்பதை அவ்வாறுதான் அறிந்தேன். அது முழுக் காட்சியையும் படம் பிடிப்பதில்லை. முடிவுக்கோட்டை மட்டும், ஒரு மெல்லிய கீற்றின் ஊடாக, ஓயாது பார்த்துக்கொண்டிருக்கிறது. அக்கீற்றின் படங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பதே நாம் காணும் அந்த விசித்திரமான படம். அதில் இடமிருந்து வலமாகக் கிடப்பது தூரமன்று, காலம். படம் முழுவதும் ஒரே இடம், ஆனால் வெவ்வேறு கணங்கள். ஓடுவோரின் கால்கள் நீண்டும் வளைந்தும் பேயுருவங்கள் போலத் தோன்றுவது அதனாலேயே. தலையும் கையும் காலும் கணக்கில் இல்லை. உடற்பகுதி கோட்டைத் தொடும் கணமே கணக்கு.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் பாரிஸ் நகரில் நடைபெற்ற ஆண்களுக்கான 100 மீற்றர் இறுதி ஓட்டத்தை விடுதியில் நாம் பத்துப்பேர் ஒரே திரையில் பார்த்தோம். எண்மரும் 10 செக்கனுக்குள் ஓடிமுடித்தனர். முந்தியவர் யார் என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. அமெரிக்கரான நோவா லைல்ஸ் தாம் தோற்றுவிட்டதாகவே எண்ணி, யமெய்க்கரான கிஷேன் தொம்சனிடம் வெற்றி அவருடையதே எனக் கூறியிருக்கிறார். சில கணங்களின் பின் பலகையில் முதலாவதாகத் தோன்றியது லைல்ஸின் பெயர். இருவருக்கும் 9.79 செக்கன். ஆயிரத்திலொரு பங்குவரை சென்று பார்க்கையில் ஒருவருக்கு 9.784, மற்றவருக்கு 9.789. தூரத்திற் சொன்னால் ஐந்தாறு சென்ரிமீற்றர். ஓடி வென்றவனே அறியாத வெற்றியைக் கருவி அறிந்திருந்தது. எங்கள் அறையில் எழுந்த ஆரவாரத்தினிடையே எனக்கு அந்தத் தண்ணீர்க் குழாயடி நினைவுக்கு வந்தது.

கருவி இவ்வளவு நுட்பமாகப் பார்க்கவல்லது என்றால், இன்னும் நுட்பமாகப் பார்த்துக்கொண்டே போகலாம் அல்லவா? பத்தாயிரத்தில் ஒரு பங்கு, இலட்சத்தில் ஒரு பங்கு என்று? இவ்வினாவுக்கு நீச்சல் துறையினர் அரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்ட விடை என்னை வியப்பில் ஆழ்த்தியது. 1972ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 400 மீற்றர் கலப்பு நீச்சலில் சுவீடன் நாட்டவரான குணார் லார்சனும் அமெரிக்கரான ரிம் மக்கீயும் 4 நிமிடம் 31.98 செக்கன் என ஒரே நேரத்தில் முடித்தனர். கருவி ஆயிரத்திலொரு பங்குவரை பார்த்து, லார்சன் ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கால் முந்தியதாகக் கூறியது. தங்கம் அவருக்குச் சென்றது. அவ்வேகத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு செக்கன் என்பது மூன்று மில்லிமீற்றர் அளவு. ஒரு நீச்சல் தடாகத்தின் ஒவ்வொரு தடமும் மூன்று மில்லிமீற்றர் பிசகின்றிக் கட்டப்பட்டிருக்கும் என்று எந்தக் கொத்தனாரும் சத்தியம் செய்யமாட்டார். ஒருவரின் தடம் அரைவிரல் நீளமாக இருந்திருக்கலாம். அவ்வாறெனில் கருவி அளந்தது வீரரையா, சுவரின் பூச்சையா?

அதன் பின்னர் நீச்சலில் நூறிலொரு பங்கோடு நிறுத்திக்கொள்வது என விதி செய்தனர். அதற்குமேல் பார்க்கக் கருவிக்குத் திறன் இல்லாமலன்று. பார்த்ததற்குப் பொருள் இல்லை என்பதால். இதன் பயனை 2016இல் ரியோ டி ஜெனெய்ரோவில் உலகம் கண்டது. ஆண்களுக்கான 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 செக்கனில் வென்றார். அவருக்குப் பின்னால் மைக்கேல் பெல்ப்ஸ், சாட் லெ க்ளோஸ், லாஸ்லோ சே என்னும் மூவரும் 51.14 செக்கனில் முடித்தனர். மூவருக்கும் வெள்ளி. வெண்கலம் எவருக்குமில்லை. மூவரும் ஒரே படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற காட்சியைப் பலர் வேடிக்கையாகக் கண்டனர். 'இதற்கு அப்பால் எமக்குத் தெரியாது' என்று ஒரு பெரும் உலக நிறுவனம் கைவிரித்த காட்சியாகவே எனக்கு அது தோன்றியது. ஒரு கிராமத்து மைதானத்தில், பதினெட்டு வயதில், எனக்கு அது கைகூடவில்லை.

நிற்க. கருவியின் எல்லையை மட்டும் பேசி, கண்ணின் செருக்கைப் பேசாது விடுவது நேர்மையாகாது. கண் செய்த அநீதியைக் கருவி திருத்திய கதை எமது நாட்டிலேயே உண்டு. நான் பயிலும் பேராதனை வளாகத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கண்டியே அதன் நாயகரின் ஊர். 1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில், முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவை கையை நீட்டினார். நடுவர் பொய் சொன்னார் என நான் கருதவில்லை. அவர் கண்டதை அவர் சொன்னார். அவரும் 'வடிவாகப் பார்த்தார்'.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் முரளிதரனின் கை ஆராயப்பட்டது. பல திசைகளிலிருந்தும் விரைவுக் கமராக்கள் ஒரேவேளையில் பார்த்தன. பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை, அசாதாரணமாகச் சுழலும் தோள், சுழல்கின்ற மணிக்கட்டு ஆகிய மூன்றும் சேர்ந்து, ஒரு திசையிலிருந்து மட்டும் நோக்குபவனுக்குக் கை மடங்கி நிமிர்வது போன்ற மயக்கத்தை உண்டாக்குகின்றன என்பது முடிவு. என் தோழன் யன்னலருகே காட்டிய அதே பெருவிரல் வித்தைதான்.

கதை அத்துடன் முடியவில்லை. 2004இல் அவரது 'தூஸ்ரா' என்னும் பந்து பற்றி மீண்டும் ஐயம் எழுந்தது. உடலில் ஒளி தெறிக்கும் குறிகளை ஒட்டி அளந்தபோது அப்பந்தில் முழங்கை ஏறத்தாழ 14 பாகை நிமிர்வதாகத் தெரிந்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு அன்று அனுமதிக்கப்பட்டிருந்ததோ 5 பாகை. ஆகவே இம்முறை கருவி அவருக்கு எதிராகவே பேசியது எனலாம். ஆனால் அதே கருவியை ஏனைய பந்துவீச்சாளர்கள் பக்கம் திருப்பியபோது, மாசற்ற வீச்சுக்கு உதாரணமாகப் போற்றப்பட்டவர்களின் முழங்கைகளும் நிமிர்வது வெளியாயிற்று. கண்ணுக்கு நேராகத் தெரிந்த கைகள் உண்மையில் நேரானவையல்ல. 2005இல் யாவருக்கும் பொதுவாக 15 பாகை என வரம்பு வகுக்கப்பட்டது. அவ்வெண் ஏன் என்று தேடிப்பார்த்தேன். ஏறத்தாழ அவ்வளவு நிமிர்ந்த பின்னரே வெறுங்கண்ணுக்கு அது எறிவதுபோலத் தெரியத் தொடங்குமாம்! கண்ணை நம்பாது கருவியிடம் சென்றவர்கள், கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அறியாது மறுபடியும் கண்ணிடமே வந்தார்கள். இதனைக் குறையாக நான் கூறவில்லை. விளையாட்டு கண்களுக்காக நடப்பது. காணவியலாத குற்றத்தைக் குற்றம் என்று எவ்வாறு சொல்வது?

2004ஆம் ஆண்டில் முரளிதரன் முழங்கையை மடக்கவொட்டாத உலோகக் கவசம் ஒன்றை அணிந்து, பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்றின் கமரா முன் பந்து வீசிக் காட்டினார். அந்தப் பதிவை என்னால் மகிழ்ச்சியோடு பார்க்க முடிவதில்லை. உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர் ஒருவர் தன் கையைக் கட்டிக்கொண்டு நிரபராதி என நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபித்த பின்னரும் நம்பாதவர் நம்பவில்லை. 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலியில், தமது கடைசி டெஸ்ட் போட்டியில் தாம் வீசிய கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்திவிட்டே அவர் விடைபெற்றார்.

மெல்பேர்ண் சம்பவம் நடந்து மூன்று மாதம் நிறையுமுன், 1996 மார்ச் 17ஆம் நாள், அவரும் இடம்பெற்ற இலங்கை அணி லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவை எதிர்கொண்டது. நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. ஆயினும் நான் மிக நன்றாக அறிந்த ஆட்டம் அதுவே. என் தந்தையார் அதனைக் கேட்ட விதம் அத்தகையது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் வெளியேறியபோது எங்கள் குடும்பமும் வெளியேறியது. இறுதியாட்ட நாளில் அவர்கள் தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் வேறு மூன்று குடும்பங்களுடன் இருந்தனர். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற்போய் ஐந்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பற்றறியோ வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. அக்காலத்துக்கு எம்மவர் கண்ட தொழினுட்பம் சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றினால் சில்லு சுழலும். டைனமோவில் ஆறு வோல்ற்று மின் பிறக்கும். அது ஆடலோட்டமாகையால் நான்கு டயோட்டுகளின் ஊடாக நேரோட்டமாக்கி வானொலிக்குக் கொடுக்க வேண்டும். சுற்றும் கை சோர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் சோரும். வேகம் கூடினால் இரைச்சல். ஓவருக்கு ஓவர் ஆள் மாறிச் சுற்றினார்களாம்.

"இந்த நேரத்திலை உங்களுக்கு விளையாட்டுக் கேக்குதே?" என்று அப்பாச்சி ஏசிக்கொண்டே இருந்தாராம். நியாயமான ஏச்சு. எந்த அணிக்காகக் கைதட்டுவது என்பதும் அந்த வகுப்பறையில் எளிய வினாவாக இருந்திருக்காது. அப்பாவிடம் ஒருமுறை அதனைக் கேட்டேன். "அரவிந்த அடிக்கேக்கை அதெல்லாம் ஆர் யோசிச்சது?" என்றார். சற்றுக் கழித்து, "முடிஞ்சாப் பிறகு யோசிச்சனாங்கள்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவுஸ்திரேலியா பெற்றது 241 ஓட்டங்கள். இரவு ஏற ஏற அரவிந்த டி சில்வா சதத்தைக் கடந்தார், ஆட்டமிழக்காது 107. வெற்றிக்குச் சில ஓட்டங்களே இருந்த வேளையில் மிதியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் பக்கத்து வகுப்பறை இளைஞர். உணர்ச்சி மிகுதியால் அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுந்து துள்ளினார். வானொலி அணைந்தது. எல்லோரும் அவரைத் திட்டி மீண்டும் சுற்றவைத்து, குரல் திரும்பி வந்தபோது லாகூரில் ஆரவாரம் மட்டுமே கேட்டது. வென்ற அடியை அவர்களில் எவரும் கேட்கவில்லை. அப்பாவோ அந்த அடியை இன்றும் வர்ணிக்கிறார்! பந்து சென்ற திசை, துடுப்பாட்டக்காரர் நின்ற நிலை எல்லாம் சொல்கிறார். பின்னாளில் தொலைக்காட்சியிற் கண்டதை அன்றிரவோடு சேர்த்துவிட்டார் என நினைக்கிறேன். திருத்த நான் முயல்வதில்லை. 'வடிவாகப் பார்த்தேன்' என்று பொய் சொன்னவனுக்கு அத்தகுதியும் இல்லை.

பழையது இனியது, புதியது கசப்பு என்று சொல்ல நான் வரவில்லை. கையால் மின் பிறப்பித்து ஆட்டம் கேட்க நேர்ந்த காலம் மீள வேண்டும் என்று எவனும் ஆசைப்படமாட்டான். ஆனால் திரையில் இன்று எனக்கு எல்லாம் காட்டப்படுகிறது: பந்து செல்லாத வழியையும், அது சென்றிருக்கக்கூடிய வழி எனக் கோடிட்டுக் காட்டுகிறார்கள். இம்மீளாய்வு முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டதும் இலங்கை மண்ணில்தான். 2008இல் இந்திய அணி இங்கு ஆடிய டெஸ்ட் தொடரில். அதிலே எனக்குப் பிடித்தமானது, பந்து விக்கெட்டின் விளிம்பை மட்டும் உரசிச் செல்லும் எனக் கணிப்பு காட்டும்போது, மைதானத்து நடுவர் முதலிற் சொன்னதே நிலைக்கும் என்ற விதி. விடுதியில் இதைப்பற்றி நடக்கும் சண்டைகளுக்கு அளவில்லை. "படுகுதெண்டால் அவுட், படேல்லையெண்டால் இல்லை. அதென்ன நடுவிலை ஒண்டு?" என்பது ஒரு சாராரின் கோபம். கணிப்பு என்பது கணிப்பே, அதற்கும் சில மில்லிமீற்றர் தளம்பல் உண்டு என என் பௌதிகத் தோழன் ஒவ்வொரு முறையும் விளக்குவான். எவரும் கேட்பதில்லை.

கருவி எதனைப் பார்க்க நிறுத்தப்பட்டதோ அதனையே பார்க்கும் என்பதற்கும் எமக்கு ஓர் உதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் சிட்னியில் பெண்களுக்கான 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த போலின் டேவிஸ் தொம்சனுக்கு 22.27. 1948இல் டங்கன் வைட் பெற்ற வெள்ளிக்குப் பின் 52 ஆண்டுகள் கழித்து இலங்கை கண்ட ஒலிம்பிக் பதக்கம். அந்த நூறிலொரு பங்கைக் கருவி பிசகின்றிக் கண்டது. ஆனால் யாவருக்கும் வெகுமுன்னால், 21.84 செக்கனில் ஓடிய மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உட்கொண்டிருந்ததை முடிவுக்கோட்டுக் கமரா எவ்வாறு காணும்? 2007இல் அவரே ஒப்புக்கொண்டார். 2009 டிசெம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. ஒன்பது ஆண்டுகள். மேடையேற்றமும் மைதானத்து ஆரவாரமும் அதற்குள் எங்கே போயின?

கடந்த விடுமுறையில் யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தில் நின்றபோது, "அண்ணா, என்னைத் தெரியுதே?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தச் சிவப்பு இல்லத்து மாணவி. இப்போது கல்வியியற் கல்லூரியொன்றில் ஆசிரியப் பயிற்சி பெறுகிறாளாம். உடற்கல்வியா என்று கேட்டேன்.

"இல்லையண்ணா, கணிதம்."

வெயிலைப் பற்றியும் பஸ் தாமதத்தைப் பற்றியும் சில நிமிடங்கள் பேசினோம். இனி இத்தருணம் வாய்க்காது என்று எண்ணி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி, அந்த நூறு மீற்றர் ஓட்டம்… நான் அண்டைக்கு வடிவாப் பாக்கேல்லை" என்றேன்.

"எந்த ஓட்டம் அண்ணா?" என்றாள். சிரித்தபடிதான் கேட்டாள்.

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். உண்மையில் மறந்துவிட்டாளா, என் பொருட்டு மறந்ததாகக் காட்டுகிறாளா என்பது எனக்குத் தெரியவில்லை. மேலும் கேட்பதற்கிடையில் பருத்தித்துறை பஸ் வந்து, நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி, சற்றுத் தொலைவிற் சென்று நின்றது. கூட்டம் கலைந்து அதனை நோக்கி ஓடியது. அவளும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சேலைக் கொய்யகத்தை ஒரு கையாற் பிடித்தபடி ஓடினாள். இன்னும் நன்றாகவே ஓடுகிறாள்.